சிப்பாயின் பிள்ளைக்கு எது சொந்த மாநிலம்?

புது தில்லி: பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியானதும் ராணுவக் குடியிருப்புகளில் எழும் முதல் கேள்வி, மதிப்பெண் பற்றியது அல்ல, எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது என்பதுதான். தந்தை பிறந்தது ஒரு மாநிலம், பிள்ளை பிறந்தது வேறொன்று, பள்ளிப் படிப்போ மூன்று நான்கு மாநிலங்களில் சிதறிக் கிடக்கும்.

பள்ளிப் பருவத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இடமாற்றத்துக்கு உள்ளாகும் மத்திய அரசு ஊழியர்கள், படைவீரர்களின் பிள்ளைகளுக்காக 1963-64-ல் 20 படைப்பிரிவுப் பள்ளிகளை மத்திய அரசு ஏற்றது. இன்றைய கேந்திரிய வித்யாலயாக்களின் தொடக்கம் அதுவே. பதான்கோட்டில் விட்ட பாடத்தை ஜோத்பூரில் தொடரலாம். கல்லூரி வாசலில் அந்த ஏற்பாடு நின்றுவிடுகிறது.

அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. மீதி 85 சதவீதம் மாநிலங்களுக்கு உரியது. அங்கே சிலர் இருப்பிடச் சான்றிதழ் கேட்கின்றனர். சிலர் அந்த மாநிலத்திலேயே குறிப்பிட்ட ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்கின்றனர். படைவீரர் குடும்பங்களுக்கு விலக்கோ, சில இடங்களோ அளிக்கும் மாநிலங்கள் உண்டு. ஆனால் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

வழக்கு பழையது. இந்தூர் மருத்துவக் கல்லூரியில் மத்திய பாரத மாநிலத்தவருக்குத் தலைவரிக் கட்டணம் கிடையாது. வெளியாருக்கு 1,500 ரூபாய் வரை உண்டு. தில்லியைச் சேர்ந்த ஒரு மாணவர் இதை எதிர்த்தார். 1955-ல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்த விதியை ஏற்றது. இருப்பிடம் வேறு, அரசமைப்புச் சட்டம் தடை செய்யும் பிறப்பிடப் பாகுபாடு வேறு என்று விளக்கியவர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி வெங்கட்ராம அய்யர். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். உத்தரவின் பேரில் ஊர் மாறுபவனுக்கு இருப்பிடம் ஏது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

நிதி உதவியில் மத்திய அரசு பின்தங்கிவிடவில்லை. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த இரண்டே நாளில், 1971 டிசம்பர் 18-ல், போரில் உயிரிழந்தோர், ஊனமுற்றோரின் பிள்ளைகளுக்குக் கல்விச் சலுகை மக்களவையில் அறிவிக்கப்பட்டது. அந்தச் சலுகைக்கு 2017-ல் மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. கடற்படைத் தளபதி சுனில் லான்பாவே பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு எதிர்ப்பு எழவே, 2018 மார்ச்சில் அது நீக்கப்பட்டது. முன்னாள் வீரர்களின் பிள்ளைகளுக்கான பிரதமர் உதவித்தொகை 2019-ல் மாணவர்களுக்கு மாதம் 2,500 ரூபாயாகவும், மாணவியருக்கு 3,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

ஆனால் உதவித்தொகை பெறுவதற்கு முதலில் கல்லூரியில் இடம் வேண்டுமே! படைவீரர் ஒதுக்கீட்டில் மத்திய அரசு வகுத்துள்ள முன்னுரிமை வரிசையில், போரில் வீழ்ந்தவரின் குடும்பம் முதலாவது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. பணி முடித்து ஓய்வு பெற்றவரின் பிள்ளை ஆறாவது. இன்று எல்லையில் நிற்பவரின் பிள்ளை எட்டாவது. சில இடங்களே உள்ள ஒதுக்கீட்டில் எட்டாவது வரிசை வரை வாய்ப்பு வருவது அரிது. ஊர் ஊராக மாற்றப்படுபவர் அவர்தான் என்பதே இதில் உள்ள முரண்.

அமெரிக்காவிலும் மாநிலத்தவருக்கு ஒரு கட்டணம், வெளியாருக்குப் பன்மடங்கு கட்டணம் என்ற நிலை உண்டு. பணியிலுள்ள வீரர் எங்கு நியமிக்கப்பட்டாரோ அங்கு அவர் குடும்பத்துக்கு உள்ளூர்க் கட்டணமே என 2008-ல் அங்கு சட்டம் வந்தது. 2014-ல் முன்னாள் வீரர்களுக்கும் அது விரிந்தது. இணங்காத அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு முன்னாள் வீரர் கல்வி நிதி நிறுத்தப்படும் என்ற நிபந்தனையுடன்.

நம் நாட்டில் சிக்கல் கட்டணத்தைவிட இடத்தில்தான் அதிகம். 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாறியது. எனவே, சொந்த மாநிலமோ பெற்றோர் பணியாற்றும் மாநிலமோ, இரண்டில் ஒன்றைப் படைவீரர் பிள்ளை தேர்ந்துகொள்ளலாம் என்று ஒரே விதி செய்ய நாடாளுமன்றத்துக்கு வழியுண்டு. முதுநிலை மருத்துவப் படிப்பில் இருப்பிட ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. எம்.பி.பி.எஸ். இடங்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது.