அத்தை காதால் பார்த்த வீராணம்

எங்கள் குலதெய்வக் கோயில் கும்பகோணம் பக்கம். எர்ணாவூரிலிருந்து சுமார் 300 கி.மீ. ஆடி மாதம் காரில் கிளம்பினால், மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகளைத் தாண்டுவதற்குள்ளேயே பாட்டுச் சண்டை ஆரம்பித்துவிடும். என்னவருக்குப் பழைய பாட்டு, பையனுக்குக் குத்துப்பாட்டு. என் மாமியார் மட்டும் வாயே திறக்க மாட்டார். 74 வயது.

போன ஆடியில் என் பெண் 'பொன்னியின் செல்வன்' ஆடியோ புத்தகத்தை செல்போனில் இறக்கி வைத்திருந்தாள். திண்டிவனம் வரை பையன் முணுமுணுத்தான். திடீரென்று அத்தை, "இந்த இடத்தை இப்படி அவசரமாவா படிக்கறது? எங்கம்மா நிறுத்திப் படிப்பாங்க" என்றாரே பார்க்கலாம்!

1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தபோது அவர் அம்மா மணியம் படங்களோடு பக்கங்களைச் சேர்த்து பைண்டு செய்தது எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. "அப்புறம் ஏன் அத்தை இப்ப எடுக்கறதே இல்ல?" என்றேன்.

"எழுத்து தெரிஞ்சாதானேம்மா? ஒரு வருஷமாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் மதியம் பேப்பரை மடியில் விரித்து உட்கார்ந்திருப்பார். படிக்கிறார் என்றல்லவா நினைத்தேன்! ஒரே வீட்டில்தானே இருக்கிறேன்?

சேத்தியாத்தோப்பு தாண்டி வீராணம் ஏரிக்கரை. கதை தொடங்குவதே அங்கேதான், ஆடிப்பெருக்கு நாளில், வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு. காரை நிறுத்தி முதல் அத்தியாயத்தை மறுபடி போட்டோம். "தண்ணி இருக்கா?" என்று கேட்டார். "தளும்புது அத்தை" என்றேன். முகத்தில் காற்று பட, கேட்டுக்கொண்டே நின்றார்.

திரும்பியதும் கண் டாக்டரிடம் ஓடினோம். கண் நீர் அழுத்தமாம். போன பார்வை வராது, மிச்சத்தையாவது காப்பாற்ற தினமும் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார். 40 தாண்டியவர்கள் கண் அழுத்தத்தைப் பரிசோதிப்பது நல்லதாம். வலியே இல்லாமல் வந்துவிடுமாம். தோழிகளே, வீட்டுப் பெரியவர்களை ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லித்தான் பாருங்களேன்.

கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆனதால் பலர் படித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னணி இசை இரைச்சல் இல்லாத குரலாகப் பாருங்கள். வழியில் சிக்னல் கிடைக்காது, முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுபவர் போனைத் தொடவே கூடாது.

இப்போது அத்தை கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறார். பக்கத்தில் அதே பையன்! அடுத்து வரப்போவதைப் பாட்டி முன்னாடியே சொல்லிவிடுகிறார் என்று தினமும் என்னிடம் பஞ்சாயத்துக்கு வருகிறான்.

- ஒரு வாசகி, எர்ணாவூர்