வேண்டுமென்றே செய்த காயம்: நட்டஈட்டுக்கு என்ன வழி?

பல வருடங்கள் கழித்துக் காணிக்குத் திரும்பும்போது, வேலி எங்கே நின்றது என்பதிலேயே முதல் வாக்குவாதம் தொடங்குகிறது. எல்லைக் கல்லைக் காணோம், அடையாளத்துக்கு நின்ற பனையும் இல்லை. பக்கத்துக் காணிக்காரரும் உங்களைப் போலவே அண்மையில் வந்தவர். வாய்த்தர்க்கம் முற்றி மண்வெட்டிப் பிடியால் ஒரு அடி விழுந்துவிட்டால் அது காணிப் பிரச்சினை மட்டுமல்ல. அடிபட்டவருக்குத் தனியான உரிமை ஒன்று அங்கே பிறக்கிறது.

கவனக்குறைவால் நேரும் காயத்தையும் வேண்டுமென்றே செய்யும் காயத்தையும் சட்டம் வேறாகப் பார்க்கிறது. உழவு இயந்திரத்தைப் பின்னால் பார்க்காமல் எடுத்ததால் உங்கள் கால் நசுங்கினால் அது கவனக்குறைவு. உங்களை நோக்கியே கல்லை எறிந்தால் அது வேண்டுமென்ற செயல். "இவ்வளவு பெரிய காயம் வரும் என்று நினைக்கவில்லை" என்று எறிந்தவர் சொல்வது அவரை விடுவிக்காது. நோவு உண்டாக்கும் எண்ணத்துடன் எறிந்தாரா என்பதே கேள்வி. அண்ணனுக்கு எறிந்த கல் தம்பியில் பட்டாலும் குற்றம் குற்றமே.

காயம் படாமலும் தவறு நிகழலாம். கத்தியை ஓங்கிக்கொண்டு வந்து, இப்போதே வெட்டிவிடுவார் என்று உங்களை அஞ்சவைப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். வெறும் சொல் மட்டும் அப்படி ஆகாது. ஆனால் கையை ஓங்கியபடி சொன்ன சொல், அந்த ஓங்கலின் அர்த்தத்தைக் காட்டும். ஒருவரை அறையில் பூட்டி வைப்பதும் இதே வகைத் தவறுதான்.

ஒரே அடிக்கு இரண்டு வழிகள் உண்டு. பொலிஸில் முறைப்பாடு செய்தால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே நோக்கம் தண்டனை. சாதாரண காயத்துக்கு ஒரு வருடம் வரை சிறை விதிக்கலாம். எலும்பு முறிந்தால், பார்வை நிரந்தரமாகப் போனால் அது கடுங்காயம், ஏழு வருடம் வரை போகலாம். தண்டனையோடு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதவான் கட்டளையிடலாம். மற்ற வழி, மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களே தொடுக்கும் நட்டஈட்டு வழக்கு. வைத்தியச் செலவு, வேலைக்குப் போக முடியாமல் இழந்த கூலி, பட்ட நோவு எல்லாவற்றையும் அதில் கேட்கலாம். பலர் அறியாத விடயம் ஒன்று: காயம் பட்ட நாளிலிருந்து 2 வருடங்களுக்குள் இந்த வழக்கைப் போட வேண்டும். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்த உரிமையை இழந்துவிடாதீர்கள்.

இனி வைத்தியசாலையைப் பற்றி. எங்கள் அனுபவத்தில் அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான். பயத்தினாலோ, சொந்தக்காரரைக் காட்டிக் கொடுக்க மனம் வராமலோ, "கிணற்றடியில் விழுந்துவிட்டேன்" என்று தாதியிடம் சொல்லிவிடுகிறோம். அது பதிவாகிறது. ஆறு மாதம் கழித்து உண்மையைச் சொன்னால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் எடுப்பது அந்தப் பதிவைத்தான். எப்படிக் காயப்பட்டீர்கள் என்பதை முதல் நாளே உள்ளபடி சொல்லுங்கள். பெயர் சொல்லப் பயமாக இருந்தால் "ஒருவர் அடித்தார்" என்றாவது சொல்லுங்கள். பொலிஸ் தரும் சட்ட மருத்துவப் பரிசோதனைப் படிவத்துடன் வைத்தியரிடம் காயத்தைக் காட்டுங்கள். வைத்தியசாலை அட்டை, மருந்துச் சிட்டை, காயத்தின் படம், இரத்தம் பட்ட சட்டை எதையும் வீசாதீர்கள்.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் இடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சில தகராறுகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியவை. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் கொடுக்கும் தொகை, கொடுக்கும் திகதி இரண்டும் எழுத்தில் இல்லாவிட்டால் சமாதானத்துக்கு ஒப்பமிடாதீர்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

அடித்தவர் பொலிஸ் அல்லது படை உத்தியோகத்தர் என்றால் காலம் இன்னும் குறுகியது. அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் கணக்கிடப்படாது.

உங்களைக் காக்க நீங்கள் தள்ளியதோ தடுத்ததோ தவறாகாது. தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு. ஆனால் எதிராளி ஓடிய பிறகு துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு இல்லை, உங்கள் மீதே வழக்கு வரும். உங்கள் வீட்டில் வேறொருவர் குடியிருந்தாலும் கதவை உடைத்து அவரை வெளியே இழுக்க உங்களுக்கு உரிமை இல்லை. உறுதிப் பத்திரம் கையில் இருந்தாலும் நீதிமன்றம் மூலமே கேட்க வேண்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும். அங்கே போகும்போது அடையாள அட்டை, உங்கள் வருமானத்தைக் காட்டும் கிராம அலுவலரின் கடிதம், வைத்தியசாலை அட்டை, முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டு ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள்.