சுக்குமல்லிக் காப்பி: தீர்க்காது, ஆனால் தணிக்கும்

பெயர் யாருக்குப் போகிறது?

சளி பிடித்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அடுப்பில் சுக்குமல்லிக் காப்பி கொதிக்கத் தொடங்கும். ஒரு வாரத்தில் மூக்கொழுகல் நின்றுவிடும். காப்பிதான் சளியை விரட்டியது என்ற நம்பிக்கை வீடுதோறும் இப்படித்தான் உறுதிப்படுகிறது. ஆனால் ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ்கள். ரைனோவைரஸ் முதலாக 200க்கும் மேற்பட்டவை இதைச் செய்யவல்லவை. உடலின் எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் அவற்றை அடக்கிவிடுகிறது. நாம் எதைக் குடித்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி. ஆகவே, குடித்த பிறகு குணமானது என்பது குடித்ததால் குணமானது என்பதற்குச் சான்றாகாது. இதைச் சொன்னதும் சிலர் நேர் எதிர்ப்பக்கம் போய், ‘அப்படியானால் அது வெறும் சுடுதண்ணீர்தானே’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதுவும் சரியில்லை. நோயைத் தீர்ப்பது வேறு, நோயாளி படும் அவஸ்தையைக் குறைப்பது வேறு. இரண்டாவது வேலையைச் சுக்குமல்லிக் காப்பி நன்றாகவே செய்கிறது. தானே ஆறப்போகும் நோய்க்கு நாம் தேட வேண்டியதும் அந்த வேலையைத்தான்.

சூடும் காரமும்

பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஜலதோஷத்துக்கென்றே இயங்கிய ஆய்வு மையம் 2008இல் எளிய சோதனை ஒன்றைச் செய்தது. சளி பிடித்த 30 பேரில் சிலருக்குப் பழரசப் பானத்தைச் சூடாகவும் மற்றவர்களுக்கு அறை வெப்பத்திலும் கொடுத்தார்கள். மூக்கின் வழியே காற்று போய்வரும் அளவைக் கருவியால் அளந்தபோது சூடான பானம் எந்த மாற்றத்தையும் செய்திருக்கவில்லை. ஆனால் அதைக் குடித்தவர்களுக்கு மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி ஆகிய அனைத்திலும் உடனே ஆறுதல் கிடைத்தது. சூடில்லாத பானமோ முதல் மூன்றில் மட்டுமே உதவியது. அதற்கு முன்பே, 1978இல் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சுடுநீரை உறிஞ்சிக் குடித்தால் மூக்குச் சளி நகரும் வேகம் கூடுவதையும், அரை மணி நேரத்தில் அது பழைய நிலைக்கே திரும்பிவிடுவதையும் கண்டது. ஒரே மூச்சில் பெரிய தம்ளரைக் காலி செய்வதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை குடிப்பது நல்லது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

சூட்டோடு காரமும் சேர்ந்துகொள்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், இஞ்சி காயும்போது ஷோகாலாக மாறுகிறது; சுக்கு இஞ்சியைவிட உறைப்பதற்குக் காரணம் இதுதான். ஷோகாலும் மிளகின் பைப்பரினும், நாக்கிலும் தொண்டையிலும் வெப்பத்தை உணரும் அதே நரம்பு ஏற்பிகளைத் தூண்டுகின்றன. எச்சில் ஊறுகிறது, மூக்கில் நீர் இளகுகிறது, வறண்ட தொண்டை நனைகிறது.

இதெல்லாம் வெறும் மனத்தோற்றம் என்று ஒருவர் மறுக்கலாம். கருவி காட்டாத மாற்றத்தை நோயாளி உணர்ந்தார் என்றால், அதில் எதிர்பார்ப்புக்கும் பங்கிருக்கும்தான். ஆனால் சளி பிடித்தவர் முறையிடுவதே உணர்வைப் பற்றித்தானே: தொண்டை அறுக்கிறது, தலை கனக்கிறது, உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது. அந்த உணர்வு தணிந்தால் அது உண்மையான பலன்தான். மேலும், கடை மருந்தையும் இதே தராசில் வைக்க வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றில் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரின், வாய்வழி எடுத்தால் மூக்கடைப்பை நீக்குவதில் போலி மாத்திரையைவிட மேலானதல்ல என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொன்னது. ஆன்டிபயாடிக் மருந்துகளோ வைரஸைத் தொடுவதே இல்லை. இருந்தும் மூக்கொழுகினால் மருந்துக்கடையில் சொல்லி அவற்றை வாங்கி விழுங்குகிறோம். கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவதற்கு நாமே வழி செய்து கொடுக்கிறோம். ‘சும்மா இருக்க முடியவில்லையே, ஏதாவது செய்ய வேண்டுமே’ என்ற தவிப்புக்கு ஒரு தம்ளர் சுக்குமல்லிக் காப்பி பதிலாக அமையுமானால், அதன் பெரிய நன்மை அதுவே என்பேன்.

‘எதிர்ப்பு சக்தி கூடும்’ என்ற வாதம்

சுக்குமல்லிக் காப்பி எதிர்ப்பு சக்தியைக் கூட்டி வைரஸை விரட்டும் என்பார்கள் சிலர். 2013இல் தைவான் ஆய்வாளர்கள், பச்சை இஞ்சியின் வெந்நீர்ச் சாறு சுவாசத்தைத் தாக்கும் ஒரு வைரஸை ஆய்வகச் செல்களில் தடுப்பதைக் கண்டார்கள். அதே சோதனையில் காய்ந்த இஞ்சி பயன் தரவில்லை! பச்சை இஞ்சிக்கும்கூட, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நடந்தது மனித உடலுக்குள் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்பு சக்தி என்று சொல்லி மிளகுக் கஷாயத்தை வேளாவேளைக்குக் குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். முன்னோர் வழக்கம் பொய்யாகுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அந்த வழக்கமே அளவும் பக்குவமும் பார்த்தது. சுக்குக்குத் தோல் ஆகாது, கடுக்காய்க்குக் கொட்டை ஆகாது என்று எச்சரித்தது. அளவில்லாமல் குடிப்பது மரபைப் பின்பற்றுவது ஆகாது.

போடும் பக்குவம்

இரண்டு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி மல்லி விதையை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து, தோல் சீவி நசுக்கிய ஒரு சிறு துண்டு சுக்கு, நாலைந்து மிளகு, ஓர் ஏலக்காய் ஆகியவற்றுடன் கொரகொரப்பாக இடித்துக்கொள்ளவும். மூன்று தம்ளர் தண்ணீரில் போட்டு, இரண்டு தம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிடவும். இனிப்புக்குச் சேர்க்கும் கருப்பட்டியில் மண் இருக்கும். தனியே கரைத்து வடிகட்டிச் சேர்க்கவும். காப்பித்தூளோ தேயிலையோ இதில் கிடையாது என்பதால் இரவிலும் குடிக்கலாம், தூக்கம் கெடாது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள்

அடுப்பிலிருந்து இறக்கியதும் குடிக்க வேண்டாம். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மிளகைக் குறைக்க வேண்டும். பைப்பரின் சில மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவை மாற்றும். வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின் அவற்றில் ஒன்று. அதனாலும், சுக்கு இரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடும் என்பதாலும், வலிப்புக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்கள் தினமும் குடிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சிலர் சேர்க்கும் அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நீரிழிவுக்காரர்கள் மறக்கக் கூடாது. இனிப்புக்குத் தேன் சேர்ப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு இருமலைத் தணிக்கத் தேன் நல்லது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு துளித் தேன்கூடக் கொடுக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமி அந்த வயதில் உயிருக்கே ஆபத்தாகும்.

பத்து நாளாகியும் தணியாத சளி, குறைந்து மறுபடி ஏறும் காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சு வலி இவற்றுக்கு வீட்டு வைத்தியம் போதாது. குழந்தை அமைதியாக இருக்கும்போது அதன் மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் இருந்தால் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவையோ அதற்கு மேலோ தொட்டால், அல்லது மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், அது நிமோனியாவாக இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.