அடங்காத அழுகையும் தாய் தந்தையரும்



சில குழந்தைகள் பிறந்த நாள் முதலாகவே எளிதில் அமைதி கொள்வதில்லை. உறக்கமும் பசியும் ஓர் ஒழுங்குக்கு வாரா. புதுமுகம் கண்டால் அலறுவர். ஏணையில் இட்டாலும் தோளில் சாய்த்தாலும் அழுகை ஓயாது. ‘கண்ணூறு’ என்பர் சிலர். ‘தாய்க்கு வளர்க்கத் தெரியவில்லை’ என்பர் வேறு சிலர். இரண்டாவது சொல்லே ஆழமாகக் காயப்படுத்துவது. அது உண்மையும் அன்று.

அலெக்சாண்டர் தோமஸ், ஸ்ரெல்லா செஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் 1956இல் நியூயோர்க் நகரில் குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானிக்கத் தொடங்கினர். ஏறத்தாழ பத்துப் பிள்ளைகளில் ஒருவரிடம் இத்தகைய கடின சுபாவம் காணப்பட்டது. அது எவருடைய குற்றமும் அன்று. பெற்றோர் அதற்கு இசைந்து நடக்கும் விதமே முக்கியமானது என அவர்கள் கண்டனர். 2007இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தம்பதியர் உறவு உறுதியாயிருந்த இல்லங்களில் கடின சுபாவமுள்ள பிள்ளை பெற்றோரை ஒருவருக்கொருவர் துணைநிற்கச் செய்தது. உறவு தளர்ந்த இல்லங்களிலோ அந்தத் துணைநிற்றல் குறைந்தது.

சிறுகுழந்தை தன் கலக்கத்தைத் தானே ஆற்ற அறியாது. தூக்கியிருப்பவரின் அமைதியையே கடன் வாங்குகிறது. நள்ளிரவில் தாயின் கரம் சோரும்போது ‘பிள்ளையை இங்கே தா, நீ சற்றுப் படு’ என்னும் குரல் கேட்டால், அந்த அமைதி மீண்டும் பிறக்கிறது.

மட்டக்களப்பு வாவியோரத்து எமது நாவற்குடாப் பகுதியில் வீடு மகளுக்கே சீதனமாகிறது. கணவன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்வதே வழமை. பிள்ளை பெற்றவளைச் சுற்றி அம்மம்மாவும் சகோதரிகளும் நிற்பது பெரும் பேறு. ஆயினும் அந்த அன்பு வளையத்துக்கு வெளியே தந்தை விருந்தாளியாய் நின்றுவிடுவதும் உண்டு. அவர் தூக்கினால் ‘கழுத்தைப் பிடிக்கத் தெரியாது’ என்று பிள்ளை வாங்கப்படும். இருமுறை அவ்வாறு நேர்ந்தால் மூன்றாம் முறை அவர் கை நீட்டமாட்டார். அம்மம்மாமாரே, சற்றுப் பொறுங்கள். அவர் ஆற்றும் விதம் வேறாயிருக்கலாம். பிள்ளை அதையும் பழகட்டும்.

(பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, தாய் நாள்தோறும் மனஞ்சோர்ந்து அழுதாலோ அது வேறு விடயம். வைத்தியரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ தாமதியாது கூறுங்கள்.)

பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாது தவித்தபோது மரியாவும் யோசேப்பும் ஒருவரையொருவர் குறைகூறியதாக லூக்கா எழுதவில்லை. இருவரும் சேர்ந்தே எருசலேமுக்குத் திரும்பினர். மகனைக் கண்டபின் மரியா தம் துயரோடு யோசேப்பின் துயரையும் சேர்த்தே எடுத்துரைத்தார்.

திருமுழுக்குச் சடங்கிலும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட இருவருமே அழைக்கப்படுகின்றனர். இறுதியில் தாய்க்கு ஓர் ஆசீரும் தந்தைக்குத் தனியே ஓர் ஆசீரும் உண்டு. அவ்வேளை பிள்ளை வீரிட்டு அழுதால், தந்தையின் தோளிலேயே சற்று நேரம் இருக்கட்டும். குருவானவர் காத்திருப்பார்.