பங்கோர் நெத்திலியின் நீலக்கண்

கொரியத் தொடர் பார்த்த வாசகி ஒருவர் ஜெஜூ தீவைப் பற்றி எழுதச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறார். மூச்சடக்கி மூழ்கிக் கடல்நத்தை எடுத்து வரும் ஹேன்யோ பெண்கள் அவர் மனதை விட்டுப் போகவில்லையாம்.

அந்தப் பெண்களைக் கடலுக்கு அனுப்பியதில் பாறைக்கும் பங்குண்டு. ஜெஜூ எரிமலைத் தீவு. நடுவே 1,947 மீட்டர் உயர ஹல்லா மலை. எவ்வளவு மழை பெய்தாலும் துளை நிறைந்த எரிமலைப் பாறை உறிஞ்சிவிடும், கரையோரத்தில்தான் ஊற்றாகக் கசியும். நெல் விளைவது அரிது. ஊர்கள் கடலோரம் ஒதுங்கின, பெண்கள் கடலில் இறங்கினார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது.

லூமுட்டில் இருந்துகொண்டு ஜெஜூவைப் பற்றிப் படிக்கும்போது எதிரே தெரியும் பங்கோர் தீவைத்தான் நினைத்துக்கொள்கிறேன்; அங்கும் ஊர் எங்கே அமைவது என்பதில் இயற்கைக்குப் பங்குண்டு. மாசி மகத்துக்கு பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தீவைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குக் கரை மலாக்கா நீரிணையின் அலையைப் பார்த்தபடி கிடக்கிறது. கிழக்கே, நமக்கும் தீவுக்கும் நடுவிலுள்ள குறுகிய கடல் அடங்கியே இருக்கும். மீனவர் ஊர்கள் கிழக்கில் வரிசையாக அமைந்தது அதனால்தான். ஈயத்துக்காக வந்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டிய தெலுக் கெடோங்கும் அந்தப் பக்கமே.

அந்தக் கரையின் பெருமை நெத்திலி. மிக மெல்லிய உடம்பு அதற்கு. செத்த கொஞ்ச நேரத்தில் அதன் குடலிலுள்ள நொதிகளே வயிற்றைக் கரைக்கத் தொடங்கும். வயிறு வெடித்த மீனைக் காயவைத்துப் பயனில்லை. கரை சேரும்வரை காத்திராமல் படகிலேயே உப்புநீரைக் கொதிக்கவைத்து, கூடையோடு முக்கி எடுத்துவிடுகிறார்கள். ஐஸ்பெட்டி இல்லாத தோட்டத்து லயத்தில் அம்மா பாலைக் கறந்த கையோடு காய்ச்சிவைப்பாரே, அதே கணக்கு. கொதி பட்டால் நொதி அடங்கிவிடும். பிறகு கரையில் காயவைத்து, அளவு பார்த்துப் பிரிப்பார்கள்.

‘மாத்தா பீரு’, அதாவது நீலக்கண், என்று விற்கும் நெத்திலியை ஒன்று எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். தலை ஒட்டியிருக்கும், வயிறு உடையாமலிருக்கும், கண்ணில் நீலம் மினுங்கும். சுடச்சுட வேகவைத்த ஒருவருடைய கைவேலை அது.

நம்மவர்கள் பலர் மீன்வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே மேற்குக் கரையிலுள்ள தெலுக் நீப்பாவுக்குக் குளிக்க வண்டியேறுகிறார்கள். கொரியாக்காரர் தன் கடல்தொழிலைக் கொண்டாடுவதைத் திரையில் பார்த்து உருகும் நாம், நம் சம்பலுக்கு வரும் மீன் எப்படி வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் அவர்களை முதலில் கிழக்குக் கரை மீனவர் ஊரான சுங்கை பினாங் கெச்சிலில் இறக்குங்கள். காயப்போடுகிறவர்களிடம் பேச விடுங்கள். குளியல் மத்தியானத்துக்கு மேல் ஆகட்டும்.