கேமரன் மலையில் எங்கே தங்குவது?

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குப் புறப்படுவோர் பலர், அது ஓர் ஊர் என்றே எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் அங்கு ஊர்கள் பல. தாப்பாவிலிருந்து ஏறினால் முதலில் ரிங்லெட், அடுத்துத் தானா ராத்தா, அதற்கும் மேலே பிரிஞ்சாங். ஜப்பானியக் கினோசாக்கியில் வெந்நீர்ப் பொதுக் குளியலகங்கள் ஏழும் நடக்கும் தொலைவில் உள்ளன. எந்த விடுதியில் தங்கினாலும் நட்டமில்லை. இங்கே அப்படியன்று. விடுமுறை நாள்களில் மலைச்சாலையில் வண்டிகள் அடைத்து நிற்கும். இடம் தவறி அறை எடுத்தவர் பாதி நாளைச் சாலையிலேயே கழிக்க நேரும்.

தேயிலை காண்பதே நோக்கமாயின், எந்தத் தோட்டம் என்பதை முதலில் முடிவு செய்க. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டம் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே பிரியும் பாதையில் உள்ளது. அந்நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டமோ பிரிஞ்சாங்குக்கு வடக்கே. முன்னதற்குத் தானா ராத்தாவும் பின்னதற்குப் பிரிஞ்சாங்கும் தக்கவை. தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். பேருந்து நிலையமும் அங்கேயே. சொந்த வண்டியில்லாதார்க்கும் முதியோர்க்கும் அதுவே ஏற்றது. பிரிஞ்சாங்கில் குளிர் சற்று மிகுதி, கம்பளி மறவாதீர்.

இத்தோட்டங்களில் உழைத்தவருள் தமிழர் பலர். இன்று கொழுந்து பறிப்போரில் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் மிகுதி. பழைய தோட்டக் குடும்பத்தார் எவரேனும் பேசக் கிடைப்பின், ஒரு மாலையேனும் வேண்டும். ஆகவே மாணவரோடு செல்லும் ஆசிரியர்கள் இரண்டு இரவுக்கு அறை எடுப்பது நலம்.