வாசலில் அழாத பிள்ளை

ஆண்டுத் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரி, மானிப்பாய், பருத்தித்துறை என எந்தப் பக்கம் போனாலும் முன்பள்ளி வாசல்களில் காலையில் அழுகைச் சத்தம் கேட்கும். புதுப் பையும் தண்ணீர்ப் போத்தலும் தொங்க, மூன்று வயதுப் பிள்ளை ஒன்று தாயின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும். ரீச்சர் மெல்லக் கையைப் பிடித்து உள்ளே கூப்பிடுவார். அதே நேரத்தில் இன்னொரு பிள்ளை, கொண்டுவந்து விட்ட அம்மம்மாவைத் திரும்பியும் பாராமல் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். ‘என்ன கெட்டிக்காரப் பிள்ளை, பாருங்கோ’ என்ற பாராட்டு அதற்குத்தான் கிடைக்கும்.

ஆனால் அழுத பிள்ளையைவிட அழாத பிள்ளையைத்தான் சில வேளைகளில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்கிறது குழந்தை உளவியல்.

மேரி ஐன்ஸ்வர்த் என்ற ஆய்வாளர் 1954-55இல் உகண்டாவின் கிராமங்களில் 26 குடும்பங்களுக்கு வீடு வீடாகப் போய், கைக்குழந்தைகள் தாயோடு எப்படிப் பழகுகின்றன என்று பார்த்து எழுதியவர். பின்னர் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் ஒரு பரிசோதனையை வடிவமைத்தார். புதிய அறை ஒன்றில் தாயும் ஒரு வயதுப் பிள்ளையும் இருப்பார்கள். தாய் சிறிது நேரம் வெளியே போவார், திரும்பி வருவார். பிறகு இன்னொரு முறை போய் வருவார். எல்லாம் இருபது நிமிடம்தான். தாய் போகும்போது பிள்ளை அழுகிறதா என்பதைவிட, அவர் திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதையே ஐன்ஸ்வர்த் உன்னிப்பாகக் கவனித்தார். பிணைப்பு உறுதியாக இருந்த பிள்ளைகள் பலர் அழுதார்கள். தாயைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். கொஞ்சத்தில் ஆறி, மீண்டும் விளையாடப் போனார்கள். வேறு சிலர் தாய் போனபோதும் அழவில்லை, வந்தபோதும் முகம் கொடுக்கவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கவலை இல்லையா? 1977இல் ஸ்ரூஃப், வோட்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதயத் துடிப்பை அளந்து பார்த்தார்கள். முகத்தில் எதுவும் தெரியாவிட்டாலும் நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. 1993இல் ஜேர்மனியில் உமிழ்நீரைச் சோதித்தவர்களும் அத்தகைய பிள்ளைகளிடம் கோர்ற்றிசோல் என்ற நெருக்கடிச் சுரப்பு உயர்ந்திருப்பதைக் கண்டார்கள். அழுதும் யாரும் வராத அனுபவம் பலமுறை நேர்ந்த பிள்ளை, துயரத்தை வெளியே காட்டாமல் இருக்கப் பழகிக்கொள்கிறது.

இயல்பிலேயே கூச்சமில்லாத, எவரோடும் சேர்ந்துகொள்ளும் பிள்ளைகளும் உண்டு. வேறுபாட்டை அறிய வேண்டுமானால் மதியம் கூட்டிப்போக வரும் நேரத்தில் பார்க்க வேண்டும். வீட்டாரைக் கண்டதும் பிள்ளை ஓடி வருகிறதா, விழுந்து முழங்கால் உரசினால் ரீச்சரிடம் காட்ட வருகிறதா? இரண்டும் இல்லையென்றால், அந்த அமைதியைக் கெட்டித்தனம் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் பிரிவு புதிதல்ல. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தது. அன்று இடுப்பில் இருந்த குழந்தைகள் இன்று முன்பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் சிறுவர் காப்பகம் நடத்திய அனா ஃபிராய்டும் டொரத்தி பேர்லிங்கமும், குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே சின்னப் பிள்ளைகளை அதிகம் குலைத்தது என்று எழுதினார்கள். அவர்கள் செய்த மாற்றம் எளிமையானது: பிள்ளைகளைச் சிறு சிறு ‘குடும்பங்களாக’ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே பராமரிப்பாளரை நிரந்தரமாக வைத்தார்கள். வடக்கிலங்கையின் 7 முதல் 11 வயது வரையான தமிழ்ப் பிள்ளைகளிடம் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. போரையும் சுனாமியையும் கண்ட பிள்ளைகளிடையே, பெற்றோரின் பரிவை உணர்ந்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைவாக இருந்தன.

இன்றைய பிரிவு பெரும்பாலும் விமான நிலையத்தில் நடக்கிறது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு போவதை இலங்கை அரசு 2013 முதல் கட்டுப்படுத்தி வந்தது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அந்த வயது 2 ஆகக் குறைக்கப்பட்டது. இரண்டு வயதில் தாயை வழியனுப்பிய பிள்ளை, மூன்று வயதில் முன்பள்ளி வாசலில் நிற்கிறது. அதற்கு இருக்கும் ஒரே பிடி அம்மம்மா. அவரும் இப்போது விட்டுவிட்டுப் போகிறார் என்றால் பிள்ளை என்ன நினைக்கும்?

இங்கே நாம் வழக்கமாகச் செய்யும் இரண்டு காரியங்கள் உடனே நிற்க வேண்டும். ஒன்று, ‘கடைக்குப் போட்டு உடன வாறன்’ என்று சொல்லிவிட்டுப் பின்வாசலால் நழுவுவது. அன்றைக்கு அழுகை தப்பும். மறுநாள் பிள்ளை கண்ணை எடுக்காமல் காவல் இருக்கும். வீட்டில் கழிப்பறைக்குப் போனாலும் பின்னால் வரும். மற்றது, ‘அழுதால் விட்டிட்டுப் போயிடுவன்’, ‘பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகும்’ என்று வெருட்டுவது. பிரிவுக்குப் பயந்த பிள்ளைக்கு இதைவிடக் கொடிய தண்டனை கிடையாது.

பதிலாக, சொல்லிவிட்டுப் போக வேண்டும். ‘சாப்பிட்டு, பாட்டுப் பாடி முடிய அம்மம்மா வாசலிலை நிப்பன்’ என்று பிள்ளைக்கு விளங்கும் அடையாளத்தோடு சொல்லி, அதே நேரத்துக்கு வாசலில் நிற்கவும் வேண்டும். முதல் வாரங்களில் பத்து நிமிடப் பிந்தலும் பெரிய விடயம். தொடங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே பின்னேரங்களில் முன்பள்ளி முற்றத்துக்குக் கூட்டிப்போகலாம். ரீச்சரின் பெயரை வீட்டில் சொல்லிப் பழக்கலாம். பழைய துவாய்த் துண்டோ சின்னப் பொம்மையோ பையில் இருந்தால் அதைப் பறிக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் தாய் நாளும் ஒரே நேரத்தில் கைபேசியில் முகம் காட்டினால், வருவதும் போவதும் ஓர் ஒழுங்கில் நடக்கும் என்று பிள்ளை அறிந்துகொள்ளும்.

முன்பள்ளிகளின் பங்கு இன்னும் பெரிது. பெர்லினில் புதிய பிள்ளை சேரும்போது முதல் மூன்று நாளும் தாயோ தந்தையோ கூடவே இருப்பார். நான்காம் நாள்தான் முதல் சிறு பிரிவு, அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. அங்கு ஒன்றேகால் வயதுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த 2004 ஆய்வில், கூடுதலான நாட்கள் தாய் உடனிருந்து பழக்கிய பிள்ளைகளின் பிணைப்பு உறுதியாக நீடித்தது. நம் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அவ்வளவு நாட்கள் தேவைப்படாமல் போகலாம். பிரிவு நேர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு நிச்சயம் தேவை. அந்தப் பிள்ளையை வாசலில் வரவேற்பதும் ஆற்றுவதும் எப்போதும் ஒரே ரீச்சராக இருக்க வேண்டும். சொற்பக் கொடுப்பனவில் வேலை செய்யும் ரீச்சர்மார் கட்டுப்படியாகாமல் இடைநடுவில் விலகுவது, இத்தகைய பிள்ளைக்கு மீண்டும் ஒருவரை இழப்பதுதான். அவர்களின் ஊதியத்தைப் பேசாமல் பிள்ளைகளின் மனநலத்தை மட்டும் பேசுவது நியாயமில்லை.

வாசல் அழுகை நோயல்ல. பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். மாதக்கணக்கில் ஆறாத அழுகை, பேச்சு குறைதல், யாரிடமும் ஆறுதல் தேடாமை, முன்பின் தெரியாத எவருடனும் தயங்காமல் போய்விடுதல் ஆகியவை தென்பட்டால் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

முன்பள்ளி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த அனுமதி நாளில், ‘பெற்றோர் வாசலோடு நில்லுங்கள்’ என்ற விதியை முதல் வாரத்துக்காவது தளர்த்துங்கள். பின்வரிசையில் அம்மம்மா ஒருவர் உட்கார ஒரு கதிரை போடுங்கள்.